பாதியில் நின்ற கட்டுரை

தார் ரோடு இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற வெனிசுவேலாவின் மரக்கைபோ நகர வெயிலில், யோலெய்தாவின் வீட்டுக் கூடத்தில் பனிச்சறுக்குக் காலணி வாங்குவது எப்படி என்ற கட்டுரையை நேரியோ சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருந்தான்.

"'முதல் தடவை பனியில் இறங்கும்போது பாதம் பயப்படும். அதற்குத் தைரியம் சொல்வது காலணியின் வேலை.' அடடா. நீங்க பனியைப் பாத்திருக்கீங்களா?"

"ஃப்ரிட்ஜுல பாத்திருக்கேன்" என்றாள் யோலெய்தா. "கரண்ட் இருந்தப்போ."

சொல்லிவிட்டு மறுபடி அழத் தொடங்கினாள். நேரியோ வாயை மூடிக்கொண்டான். வானொலியில் பேசியே பிழைப்பு நடத்தியவனுக்கு அது லேசான காரியம் இல்லை. நிலையம் மூடிய பிறகு எக்லே பிராச்சோவிடம் உதவியாளனாகச் சேர்ந்தான். எக்லேயும் இழுத்து மூடிய ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் ஆள்தான். எரியாத கடைக்கும் திருடு போகாத காருக்கும் பணம் கேட்டு வந்தவர்களைக் காலமெல்லாம் பிடித்துக் கொடுத்தவள், இப்போது வீட்டு வாசலில் துப்பறியும் அலுவலகம் என்று பலகை மாட்டியிருக்கிறாள். பலகைதான் பெரிது.

"அழுது முடிச்சுட்டுச் சொல்லு, இல்லைன்னா அழுதுகிட்டே சொல்லு" என்றாள் எக்லே. "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா மூணு மணிக்கு எர்வின் கூப்பிடுவான்னு சொன்னியே, அவன் காத்திருக்க மாட்டான்."

எர்வின் என்பவன் 'ஏரிச் சிறகு' என்ற கட்டுரை முகவரகத்தை நடத்துகிறவன். ஸ்பெயினில் இருக்கிற இணையதளங்களுக்கு இந்தத் தெருப் பெண்கள்தான் எழுதித் தருகிறார்கள். பூனைக்குக் காது துடைப்பதிலிருந்து பனிச்சறுக்கு வரை எல்லாம் இங்கே வியர்த்துக்கொண்டே எழுதியதுதான். யோலெய்தா அவர்களில் கெட்டிக்காரி. அவள் அனுப்பிய கடைசி மூன்று கட்டுரைகளும் ஏற்கெனவே 'எல்லாம் அறிவோம்' என்ற ஒரு தளத்தில், அதுவும் பழைய தேதியோடு கிடக்கின்றன என்று ஸ்பெயின்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"காப்பி அடிச்சேன்னு எல்லார் முன்னாடியும் ஒத்துக்கணுமாம். ஒத்துக்கிட்டா அப்புறம் எவனும் எனக்கு எழுத்து வேலை தரமாட்டான். ஒத்துக்கலைன்னா மொத்தத் தெருவோட கணக்கையும் மூடிடுவாங்களாம். ரெண்டுல எதைச் செஞ்சாலும் நான் செத்தேன், அக்கா. எடிக்சனோட இன்சுலின் என் எழுத்துலதான் வருது."

எடிக்சன் அவள் புருஷன். எண்ணெய்க் கம்பெனியில் கணினிப் பொறியாளராக இருந்து வேலை போனவன். சர்க்கரை வியாதி. பின்னறையில் பழைய கணினிகளை ரிப்பேர் பார்ப்பான், அதுவும் கரண்ட் இருந்தால். இப்போது இல்லை. கொல்லைப்புறத்தில் வலையூஞ்சலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"வாசல்ல ஒரு பொட்டலம் கிடந்துச்சே, அது என்ன?" என்று எக்லே கேட்டாள்.

யோலெய்தா தலையைக் குனிந்தாள். "இன்சுலின். லிஸ்பெத் வெச்சுட்டுப் போயிட்டா."

எதிர்வீட்டு லிஸ்பெத்தும் எழுதுகிறவள்தான். இந்தத் தெருவில் இடது வரிசைக்கு ஒரு மின்கம்பி, வலது வரிசைக்கு வேறு. இங்கே இருட்டானால் அங்கே வெளிச்சம், அங்கே போனால் இங்கே வரும். அதனால் ஆளுக்கு ஆள் துணை. யோலெய்தா எழுதி முடிக்கிற நேரம் கரண்ட் போனால் கட்டுரையைச் செல்பேசி வழியாக லிஸ்பெத்துக்குத் தள்ளிவிடுவாள், லிஸ்பெத் தன் வீட்டிலிருந்து முகவரகத்துக்கு அனுப்பிவிடுவாள். இன்சுலின் எந்த வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடுகிறதோ அங்கே போகும். இன்று காலை வரை அப்படித்தான் நடந்தது.

"அவ கையிலதானே என் கட்டுரை எல்லாம் போகும்? வேற யார் எடுத்திருப்பா? தெருவுல நின்னு கத்திட்டேன். நீதான்டி வித்துட்ட, திருடின்னு. அவ ஒரு வார்த்தை பேசலை. உள்ள போயி இன்சுலினை எடுத்துட்டு வந்து படியில வெச்சா, கதவைச் சாத்திக்கிட்டா."

எக்லே எழுந்து போய்ப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தாள். "நேரியோ, ஐஸ் வாங்கிட்டு வா. ஓடு."

"துப்பறியறதுக்குன்னு சொல்லித்தானே மேடம் சேத்தீங்க?"

"ஐஸ் எங்க கிடைக்கும்னு துப்பறி."

அவன் ஓடினான். தெருமுனையில் பனிக்கட்டி விற்கிற கார்மெலோவின் மூன்று சக்கர வண்டி அப்போதுதான் குப்புறக் கவிழ்ந்திருந்தது. கட்டி கட்டியாக ஐஸ் வழுக்கிக்கொண்டு மருந்துக்கடை வாசல் வரை போயிருந்தது. கார்மெலோ தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்க, ஊரே பாத்திரத்தோடு ஓடி வந்து பொறுக்கியது. நேரியோ தொப்பியில் அள்ளிக்கொண்டு, கார்மெலோ கையில் காசைத் திணித்துவிட்டு வந்தான். இன்சுலினை மண்சட்டியில் ஐஸுக்கு நடுவே வைத்து ஈரத்துணி சுற்றினார்கள். துணியை நேரியோதான் கட்டினான்.

"இப்ப வேலையைப் பாப்போம்" என்றாள் எக்லே. "நேரியோ, உன் செல்பேசியை எடு."

"காசு கட்டினா முழுக் கட்டுரையையும் அலசிப் பாக்குற கருவி இருக்காம் மேடம்."

"எங்கிட்ட காசு இருந்தா உன்னை எதுக்கு வெச்சிருக்கேன்? யோலெய்தா, இந்தக் கட்டுரையில வேற எவனும் எழுதியிருக்க முடியாத வரி எது?"

யோலெய்தா யோசிக்கவே இல்லை. "பாதம் பயப்படும்."

"அதை அப்படியே மேற்கோள் குறிக்குள்ள போட்டுத் தேடுடா. குறி போடலைன்னா பாதம், பயம்னு உலகத்துல இருக்குற செருப்புக்கடையெல்லாம் வந்து நிக்கும். குறி போட்டா இதே சொல் இதே வரிசையில இருக்குறது மட்டும்தான் வரும்."

ஒன்றே ஒன்று வந்தது. 'எல்லாம் அறிவோம்'. ஓரமெல்லாம் எடை குறைப்பு மாத்திரை விளம்பரம், நடுவில் யோலெய்தாவின் கட்டுரை, மேலே இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"தேதியைப் பாருங்க மேடம். இவங்க எழுதுறதுக்கு ரொம்ப முன்னாடியே போட்டிருக்கான்."

"நானும்தான் என் வயசை இஷ்டத்துக்குச் சொல்றேன். தளம் அவனோடது, தேதியும் அவன் கைவேலை. இணையப் பக்கங்களைப் படம் பிடிச்சு வைக்கிற களஞ்சியம் ஒண்ணு இருக்கு, அதுவும் இலவசம்தான். அதுல இந்தப் பக்கம் அந்த வருஷத்துல இருந்துச்சான்னு பாரு."

அவன் பார்த்தான். பழைய படம் எதுவும் இல்லை.

"அப்போ பொய் தேதின்னு சொல்லிடலாமே" என்றாள் யோலெய்தா. அவள் குரலில் இப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது.

"சொல்லலாம். எர்வின் என்ன சொல்லுவான் தெரியுமா? களஞ்சியம் எல்லாப் பக்கத்தையுமா படம் பிடிக்குதுன்னு கேப்பான். நியாயமான கேள்விதான்." எக்லே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "இப்ப இருக்குறபடி இதை அதுல படம் பிடிச்சு வை நேரியோ, நாளைக்கு அவன் அழிச்சாலும் அழியாது. அப்புறம் திருட்டுக் கட்டுரையைக் கடைசியிலேர்ந்து வாசி."

"கடைசியிலேர்ந்தா?"

"முன்பக்கத்தை எல்லாரும்தான் வாசிப்பாங்க."

நேரியோ விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனான். 'குதிகால் ஆடாமல் இருக்கிறதா என்று நின்று பார்த்த பிறகு' என்று இருந்தது. அதற்குக் கீழே மாத்திரை விளம்பரம்.

"பார்த்த பிறகு என்னான்னு சொல்லவே இல்லையே. கால் சுளுக்கிக்கிட்டு விழுந்துட்டானா?"

யோலெய்தா செல்பேசியைப் பிடுங்கிப் பார்த்தாள். "இதுக்கு மேல கொக்கி இறுக்குறது, காய வைக்கிறது, குழந்தைங்களுக்கு வாங்குறது எல்லாம் எழுதியிருக்கேனே. பாதிதான் இருக்கு."

"மத்த ரெண்டு கட்டுரையும்?"

அவற்றையும் கட்டுரைக்கொரு விசித்திர வரியைப் போட்டுத் தேடினார்கள். இரண்டும் தலை முதல் கால் வரை முழுசாக இருந்தன. பனிச்சறுக்கு மட்டும் பாதி.

எக்லே நாற்காலியை இழுத்து யோலெய்தாவின் முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். "லிஸ்பெத்துக்கு முழுக் கட்டுரையா அனுப்பின?"

"முழுசு."

"எர்வினுக்குப் போனது?"

"அதேதான். முழுசு."

"அப்போ அவங்க ரெண்டு பேரும் திருடியிருந்தா முழுசைத் திருடியிருப்பாங்க. பாதியை யார்கிட்ட குடுத்த?"

"யார்கிட்டயும் குடுக்கலை அக்கா. பாதிக் கட்டுரையை எவ குடுப்பா?"

"நல்லா யோசி. குதிகால்ங்கற இடத்துல என்ன நடந்துச்சு?"

யோலெய்தா நெற்றியைத் தேய்த்தாள். வெளியே யாரோ கார்மெலோவைத் திட்டிக்கொண்டு போனார்கள். அவள் மெல்ல நிமிர்ந்தாள்.

"கரண்ட் போச்சு" என்றாள். "சோதனைக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். அப்பப் போச்சு."

"என்ன சோதனை?"

"காப்பி சோதனைதான். 'சுத்த எழுத்து'ன்னு ஒரு பக்கம். எழுத்தாளர் குழுவுல யாரோ சுட்டி போட்டாங்க. பேர் பதிய வேணாம், காசு வேணாம். நம்ம கட்டுரையை ஒட்டினா வேற எங்கயாவது இருக்கான்னு தேடிச் சொல்லும். இலவசம்கறதால ஒரு தடவைக்கு இத்தனை வார்த்தைதான்னு கணக்கு இருக்கு, அதான் நீளமான கட்டுரையை ரெண்டாப் பிச்சுப் போடுவேன். முதல் துண்டைப் போட்டேன், சுத்தம்னு வந்துச்சு. அடுத்த துண்டை ஒட்டுறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. கெடு முடிஞ்சிடும்னு அப்படியே லிஸ்பெத்துக்குத் தள்ளிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

"திருடு போயிருக்கான்னு பாருங்கன்னு திருடன்கிட்டயே பெட்டியைத் திறந்து காட்டியிருக்கீங்க" என்றான் நேரியோ.

அவள் அவனைப் பார்க்கவில்லை. எதிர்வீட்டுச் சாத்திய கதவைப் பார்த்தாள். "லிஸ்பெத் எதையும் சோதிக்க மாட்டா. 'நான் எழுதினது எனக்குத் தெரியாதா'ன்னு கேப்பா. நான்தான் ஒவ்வொண்ணையும் போட்டுப் போட்டுப் பாப்பேன். பயந்தவதான் மாட்டிக்கிட்டேன். பயப்படாதவளைத் திருடின்னு சொன்னேன்."

"அதை அவகிட்ட அப்புறம் சொல்லு. இப்போ சாட்சி வேணும்" என்றாள் எக்லே. "நேரியோ, நீ ஒரு கட்டுரை எழுது."

"எதைப் பத்தி?"

"எதையாவது. ஆனா இன்னைக்கு நடந்தது ஒண்ணு உள்ள இருக்கணும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எவனுக்கும் தெரிஞ்சிருக்க முடியாதது."

நேரியோவுக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. 'பனி மண்வெட்டியை வெப்பத்தில் பராமரிப்பது எப்படி' என்று தலைப்புப் போட்டான். 'இன்று கார்மெலோவின் வண்டி மருந்துக்கடை மூலையில் குப்புற விழுந்தபோது நல்ல மண்வெட்டி ஒன்று ஊரில் இல்லாத குறை தெரிந்தது' என்று ஆரம்பித்து ஒரு பத்தி அடித்தான். செல்பேசியிலேயே 'சுத்த எழுத்து' பக்கத்தைத் திறந்து ஒட்டினான். பச்சை நிறத்தில் குறி விழுந்தது. உங்கள் எழுத்து முழுக்க உங்களுடையது, வாழ்த்துகள்.

"எங்கம்மாகூட என்னை இப்படிப் பாராட்டினதில்லை."

'எல்லாம் அறிவோம்' முகப்பைத் திறந்து காத்திருந்தார்கள். வரவில்லை. பக்கத்தை மூடித் திறந்தான். மாத்திரை விளம்பரம் மாறியது, மண்வெட்டி வரவில்லை. மறுபடி திறந்தான். ஈரத்துணி காய்ந்து யோலெய்தா இரண்டாம் முறை நனைத்தாள். சட்டிக்குள் பாதி ஐஸ் தண்ணீராகிவிட்டது.

"இத்தனை பக்கத்தை ஆள் உக்காந்து ஏத்த முடியாது, நிரல்தான் ஏத்தும். நிரல்னா இந்நேரம் ஏறியிருக்கணும்" என்று எக்லே தனக்குள் முனகினாள். "எங்கயோ தப்பு பண்றேன்."

அவள் தப்பு பண்றேன் என்று சொல்லி நேரியோ கேட்டதில்லை.

மூலையில் யோலெய்தா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சுவரைப் பார்த்து, சன்னக் குரலில், ஒப்புக்கொள்வதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான் எடுத்தேன். கஷ்டத்துல எடுத்துட்டேன். தெருவுல இருக்குற மத்தவங்களுக்கு இதுல சம்பந்தம் இல்லை." மூன்றாவது வாக்கியத்தில் குரல் உடைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். பார்க்கச் சகிக்கவில்லை. செய்யாத குற்றத்தை இவ்வளவு ஒழுங்காக மனப்பாடம் செய்கிறவளை நேரியோ பார்த்ததே இல்லை.

அப்போது தலைக்கு மேல் மின்விசிறி ஒரு முனகல் முனகிச் சுற்ற ஆரம்பித்தது. தெரு முழுக்க இடது வரிசை வீடுகளில் 'வந்துடுச்சு, வந்துடுச்சு' என்ற கூச்சல். எதிர் வரிசையில் அந்த நேரத்துக்கே வானொலிப் பெட்டிகள் அடங்கின. கொல்லையிலிருந்து எடிக்சன் கண்ணைக் கசக்கியபடி வந்தான். கூடத்தில் ஆட்களைப் பார்த்துத் தலையாட்டினான். "விருந்தாளிங்களா? உக்காருங்க, ரெண்டு மெஷின் பாக்கி இருக்கு" என்று சொல்லிப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மெலிந்த, மரியாதையான மனுஷன்.

நேரியோ சும்மாதான் பக்கத்தை மூடித் திறந்தான்.

"மேடம். மண்வெட்டி."

இருந்தது. கார்மெலோ இருந்தான், மருந்துக்கடை மூலை இருந்தது. மேலே இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே இன்னைக்கு விழுந்த வண்டியைப் பத்தி எழுதிட்டான்" என்று நேரியோ துள்ளினான். "இது போதும் மேடம். எர்வின் மூஞ்சியில அடிச்ச மாதிரி காட்டலாம்."

யோலெய்தா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு ஊரைக் காக்கிற சினீத்தா மாதாவைக் கூப்பிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எக்லே மட்டும் அசையவில்லை. மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோலெய்தா, உங்க வீட்டு மெயின் சுவிட்ச் எங்க இருக்கு?"

"வாசல் கதவுக்குப் பின்னால. எதுக்கு?"

"நேரியோ, இன்னொண்ணு எழுது. சின்னதா."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. 'மேலதிகாரிக்குக் காபி போடுவது எப்படி' என்று நாலு வரி அடித்தான். எக்லே போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். விசிறி நின்றது. பக்கத்து வீடுகளில் எல்லாம் விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"யாரு ஆஃப் பண்ணது?" என்று பின்னறையிலிருந்து எடிக்சன் கேட்டான்.

"ஃப்யூஸ் பாக்குறோம், ஒரு நிமிஷம்" என்றாள் எக்லே. நேரியோவிடம் கண்ணைக் காட்டினாள். அவன் ஒட்டினான். பச்சைக்குறி, வாழ்த்துகள். 'எல்லாம் அறிவோம்' பக்கத்தை மூடித் திறந்தான். காபி இல்லை. மறுபடி திறந்தான். இல்லை. விரல் வலிக்கும் வரை திறந்தான்.

எக்லே சுவிட்சை மேலே தள்ளினாள். விசிறி சுற்றியது. பின்னறையில் ஏதோ ஒரு பெரிய இயந்திரம் மூச்சு விடுகிற மாதிரி இரைந்தது.

காபி வந்தது.

யோலெய்தாவின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. அதை என்ன செய்வது என்று அதற்கே தெரியவில்லை போலிருந்தது.

"அவர் ரிப்பேர்தானே பாக்குறார்" என்றாள்.

அவளே போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தாள்.

எடிக்சன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ரிப்பேருக்கு வந்த கணினிகள் ஓரமாகத் தூசி படிந்து கிடக்க, மேஜைக்கு அடியில் ஒன்று மட்டும் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வரிவரியாக எழுத்து ஏறிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. கையில் ஒரு திருப்புளியோடு வேறு எதையோ கழற்றிக்கொண்டிருந்தான்.

"'சுத்த எழுத்து' உன்னோடதா?" என்றாள் யோலெய்தா.

அவன் திரும்பினான். பொய் சொல்ல நினைத்தது முகத்தில் தெரிந்தது. ஆனால் எக்லே பின்னால் நிற்பதைப் பார்த்ததும் தோளைத் தொங்கப்போட்டுவிட்டான்.

"நிரலை வலென்சியாவுல ஒருத்தன்கிட்ட வாங்கினேன். ஒட்டுற பக்கம் வெளியூர் சர்வர்ல இருக்கு, யார் யாரோ ஒட்டுவாங்க, இந்த மெஷின் எடுத்துப் பழைய தேதி போட்டு ஏத்தும். விளம்பரத்துல கொஞ்சம் வரும். ரிப்பேர்க் காசுன்னு உன்கிட்ட குடுத்தேனே, அது இதுதான்." அவன் திருப்புளியை மேஜையில் வைத்தான். "நாலு குழுவுல சுட்டியைப் போட்டேன். ஸ்பெயின், மெக்சிகோக்காரங்க யாராவது ஒட்டுவாங்கன்னு நினைச்சேன். அது சுத்திச் சுத்தி இந்த வீட்டுக்கே வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? உன்னோடதுன்னு தெரிஞ்சா செய்வேனா, யோலெய்தா?"

"பனிச்சறுக்குக் காலணி" என்றாள் அவள். "பூனைக்குக் காது. பீட்ரூட் சூப். நம்ம சாப்பாட்டு மேஜையில உக்காந்துதானே எழுதினேன். உனக்கு எதிர்லதானே."

"நான் எதையும் படிக்கிறதில்லை. அது பாட்டுக்கு ஓடும்."

"நான் எழுதினதுல ஒண்ணையாவது நீ படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

இதற்கு மேல் அந்த அறையில் நிற்க நேரியோவுக்கு என்னமோ போலிருந்தது. கூடத்துக்கு நகர்ந்தான். எக்லே யோலெய்தாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"கேளு. எர்வின் கூப்பிடப்போறான். மண்வெட்டியைக் காட்டினாலே உன் பேர் சுத்தமாயிடும். அந்தப் பக்கம் திருடுது, யாரோடதுன்னு தெரியலை, அவ்வளவுதான். மெயின் சுவிட்சு விஷயம் நம்ம மூணு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்க மாட்டேன். இவன்கூட மூடிப்பான்."

"மூடிப்பேன்" என்றான் நேரியோ.

பின்னறையில் இரைச்சல் நின்றிருந்தது. எடிக்சனே நிறுத்தியிருக்க வேண்டும்.

"புருஷன்னு தெரிஞ்சா அந்த வீட்டு எழுத்தே வேணாம்னு சொல்லிடுவாங்க இல்லையா அக்கா?"

"சொல்லுவாங்க. நான் அவங்க இடத்துல இருந்தாலும் சொல்லுவேன்."

"ம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காலையில லிஸ்பெத்தைத் தெருவுல வெச்சுப் பேரைச் சொல்லித்தானே கத்தினேன். அப்போ யாரோன்னு சொல்லலையே நான்."

செல்பேசி அடித்தது. அவள் அதை எடுத்துச் சத்தமாக வைத்தாள். தெருப் பெண்கள் ஒவ்வொருவராகக் குரல் கொடுத்துச் சேர்ந்தார்கள். எல்லாக் குரலிலும் பயம் இருந்தது. லிஸ்பெத் பேர் மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். எர்வின் தொண்டையைச் செருமினான்.

"யோலெய்தா, எனக்கும் இது சங்கடம்தான். சுருக்கமா முடிச்சுடலாம். சொல்லு."

அவள் செல்பேசியைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னறைக்குப் போனாள். எடிக்சனின் மடியில் வைத்தாள்.

"நீ சொல்லு" என்றாள்.

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, அதுதான் நேரியோவுக்குப் பயமாக இருந்தது. எடிக்சன் சொன்னான். முதலில் குழறினான், அப்புறம் ஒன்றையும் விடாமல் சொன்னான். நிரல், தேதி, சுட்டி, எல்லாம். நடுவில் ஒரு பெண் "ஐயோ, என்னோடதையும் அதுலதான் போட்டேன்" என்றாள். அவன் முடித்ததும் எக்லே குனிந்து, களஞ்சியத்தில் பிடித்து வைத்த படங்களைப் பற்றி நாலு வார்த்தை எர்வினிடம் சொன்னாள்.

எர்வின் முடிவைச் சொன்னான்.

"இதை வெச்சு ஸ்பெயின்காரங்ககிட்ட பேசிடுவேன். தெருப் பொண்ணுங்க கணக்கு எதுவும் மூட மாட்டாங்க. யோலெய்தா, நீ காப்பி அடிக்கலைன்னும் சொல்லிடுவேன். ஆனா ஒண்ணு. அந்த மெஷின் இருக்குற வீட்டிலேர்ந்து இனி ஒரு வரி வந்தாலும் வாங்க மாட்டாங்க. நான் கெஞ்சினாலும் கேக்க மாட்டாங்க. மன்னிச்சுக்க."

"தெரியும்" என்றாள் யோலெய்தா. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அந்த வீட்டிலேர்ந்துதானே வேணாம்?" என்றது ஒரு குரல்.

லிஸ்பெத்.

"என் வீட்டு மேஜையில பாதி காலியா இருக்கு. என் கம்பி வேற, என் இணையம் வேற, என் புருஷன் அஞ்சு வருஷமா பெருவுல இருக்கான், அவனுக்கு டிவி ரிமோட்டே புரியாது. அங்க உக்காந்து எழுதினா வாங்குவீங்களா மாட்டீங்களா?"

எர்வின் திணறினான். "அது... அது வேற வீடுதான்."

"அப்போ சரி. யோலெய்தா, இன்னும் உன்மேல எனக்குக் கோபம் தீரலை. அது தீர நாளாகும். மடிக்கணினியை எடுத்துட்டு வா. அந்த இன்சுலினையும் எடுத்துட்டு வந்து வை, உன் ஃப்ரிட்ஜ் குளிர நேரமாகும், இங்க கரண்ட் போனாலும் ஃப்ரிட்ஜ் இன்னும் சில்லுனுதான் இருக்கு."

அழைப்பு ஒவ்வொரு பெயராக அறுந்தது. யோலெய்தா மடிக்கணினியைத் துணிப்பையில் போட்டாள். சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். நேரியோ வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான், தரவில்லை. வாசல்படி இறங்கும்போது எடிக்சன் பின்னாலேயே வந்து நின்றான். கல்யாணமான நாளிலிருந்து கேட்காத ஒன்றைக் கேட்டான்.

"இப்போ எதைப் பத்தி எழுதப்போற?"

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வெளிய வந்ததும் தேடிப் படி" என்றாள். "எப்படித் தேடறதுன்னு உனக்குத் தெரியுமே."

சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து போனாள்.